தாளம் ஓடுவது யாரால்?

பிப்ரவரி 4, செவ்வாய்
காலையில் பனி, பிறகு நல்ல வெயில். கீபோர்டு ஸ்டாண்டின் ஒரு கால் ஆட்டம். அட்டை மடித்து வைத்தேன்.
மாதா கோயில் பாடகர் குழுப் பயிற்சி. மறுபடியும் என் மேல்தான் பழி. மாஸ்டர் எல்லோர் முன்னாலும், "ஏளா செல்மா, தாளத்துல நிக்க மாட்டியா? பின்னால பின்னால இழுக்க." டிரம்ஸ் வாசிக்கும் ஜெரால்டு அண்ணன் வாயே திறக்கவில்லை. அது என்ன மௌனம்?

பிப். 5, புதன்
போனில் டிக் டிக்கென்று தாளம் காட்டும் மெட்ரோனோம். முதலில் கைதட்டு, அப்புறம் வாசிப்பு. குழம்பு கொதிக்கும்போதும் காலால் தட்டு. வேகத்தைக் குறைத்தால்தான் கஷ்டம். இரண்டு தட்டுக்கு நடுவில் கை அவசரப்படுகிறது. சாயங்காலத்துக்குள் கொஞ்சம் பிடிபட்டது.
கோயில் வாசலில் அண்ணன் மாஸ்டரிடம்: "அவள அந்தப் பக்கம் மாத்திரும்." என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. எந்தப் பக்கம்? வெளியேயா?

பிப். 7, வெள்ளி
பயிற்சியை யாருக்கும் தெரியாமல் பதிவு செய்தேன். வீட்டில் மெட்ரோனோமோடு ஒத்துப் பார்த்தேன். நான் தாளத்தில்தான் நிற்கிறேன். பல்லவி முடிந்ததும் ஓடுவது டிரம்ஸ்! மற்றவர்கள் அதன் பின்னால். வேண்டுமென்றேதான். அண்ணனுடைய தங்கச்சி மகள் கீபோர்டு படிக்கிறாளாம். அவளுக்கு இடம் பிடிக்கவா?

பிப். 8, சனி
கேட்டே விட்டேன். கோயிலுக்குப் பின்புறம். "அண்ணே, என்னத் துரத்தத்தான இப்படி ஓட்டுதிய?" போனை நீட்டினேன். இடது காதில் வைத்துக் கேட்டார். முகம் செத்துவிட்டது.
"வலது காது போச்சு ஏளா. சங்கு எடுக்கக் கடல்ல முங்கி முங்கி. நீ வாசிக்கது எனக்கு விழவே இல்ல. அதான் உன்ன இடது பக்கம் மாத்தச் சொன்னேன். ஒம் மைனிட்ட சொல்லிராத. கடலுக்கு விட மாட்டா."
நம்புவதா? அவர் திரும்பி நடந்தபோது வலப்பக்கமாகப் போய் மெதுவாகக் கூப்பிட்டேன். நிற்கவில்லை.

பிப். 9, ஞாயிறு
பூசையில் அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தேன். பல்லவி முடியும் இடத்தில் அவர் என் கையைப் பார்த்தார், நான் அவர் குச்சியை. ஓடவில்லை. மனசுக்குள் எண்ணுவதை நிறுத்தியிருந்தேன். பாட்டு முடிந்த பிறகுதான் தெரிந்தது.
மாஸ்டர்: "இப்பதான் ஏளா ஒனக்குத் தாளம் வந்திருக்கு." அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

பிப். 10, திங்கள்
காற்றே இல்லை. மத்தியானம் அண்ணன் மனைவி, மைனி வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.
"அவரும் நீயும் கோயிலுக்குப் பொறத்தால என்னத்தப் பேசுனிய? கேட்டா மழுப்புதாரு."
அவள் பார்த்த பார்வையில் உடம்பு கூசியது. அண்ணன் கேட்டுக்கொண்டது நினைவில் இருந்தது. ஆனாலும் சொல்லிவிட்டேன். முங்கி முங்கிக் காது போனது, எல்லாம்.
திட்டுவாள் என்று நினைத்தேன். கதவைப் பிடித்துக்கொண்டாள்.
"இன்னைக்கும் விடியக்காலயே கடலுக்குப் போயிட்டாரே, செல்மா."