ஒன்பது மணி பஸ்ஸில் சொல்லிவிடாத செய்தி

பாராடாங் படகுத்துறையில் ஃபெர்ரி வந்து முட்டியதும் டீசலும் சதுப்புச் சேறும் கலந்த அந்த வாடை அடித்தது. உனக்கு ஒரு மடல் எழுதியே ஆக வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன். நீ கண்ணை மூடி ஆறு மாதமாகிறது. விடுப்பில் வந்தவள் முதல் வேலையாக உன் வீட்டுக்குத்தான் போனேன்.

போர்ட் பிளேரில் பட்டம் வாங்கிய கையோடு நாம் இருவரும் ராணுவ அதிகாரித் தேர்வு எழுதினோம். இருவருமே தேறினோம். பெங்களூரில் ஐந்து நாள் நேர்முகத் தேர்வு, இருவருக்கும் ஒரே தேதி. அம்மாவின் வைத்தியத்துக்காக நீ இரண்டு வருடம் படிப்பை விட்டிருந்ததால், வயது வரம்பில் உனக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. எனக்கு இன்னும் சில தடவை எழுத வயதிருந்தது. போர்ட் பிளேரை ஒட்டிய கராச்சர்மாவில், எங்கள் வீட்டு மொட்டை மாடியில் குழு விவாதம் பழகுவோம். நீ பேச ஆரம்பித்தால் மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு கேட்பார்கள். எனக்குப் பெருமையாகவும் இருக்கும், வயிறும் எரியும்.

தீவுக்காரர்களுக்குக் கப்பல் தாமதமாகித்தான் பழக்கம். முன்கூட்டியே கிளம்பும் என்று யாரும் நினைப்பதில்லை. பாராடாங் வீட்டில் சொல்லிக்கொண்டு வரப் புறப்பட்ட நீயும் அப்படித்தான் சிரித்தாய். "அரே, ஜஹாஜ் தானேடீ, எங்க ஓடிடப் போவுது? கிளம்புற அன்னிக்குக் காலையில முதல் கான்வாய்ல வந்துடுறேன். பக்கா."

அதற்கு முந்தின நாள் காலை கப்பல் அலுவலகத்தில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். புயல் வருவதால் சென்னைக் கப்பல் அன்று மாலையே கிளம்புகிறதாம். உனக்கு இரண்டு முறை போன் செய்தேன். லைன் கிடைக்கவில்லை. பாராடாங்கில் என்றைக்குத்தான் கிடைத்தது? அதற்குத்தான் நம் ஊரில் பஸ் டிரைவரிடம் செய்தி சொல்லிவிடுவோம். அவர் படகுத்துறை டீக்கடையில் சொன்னால் அரை மணி நேரத்தில் வீட்டுக்குப் போய்விடும். ஒன்பது மணி பஸ்ஸில் சொல்லிவிட்டிருந்தால், போலீஸ் காவலோடு வண்டிகள் வரிசையாகக் காட்டைக் கடக்கும் கடைசி கான்வாய் கிளம்புமுன் நீ ஏறியிருப்பாய். பஸ் நிலையம் பத்து நிமிட நடை. நான் போகவில்லை. ரேடியோவில் சொல்வார்கள், கேட்டிருப்பாய் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நீ வராவிட்டால் குழு விவாதத்தில் நான் கொஞ்சம் தெரிவேன் என்றும் ஒரு நினைப்பு ஓடியது. ஓடியது என்ன, உட்கார்ந்தே விட்டது.

மறுநாள் வெறும் துறைமுகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினாய். சென்னையில் நான் இறங்கியதும் உன் போன்தான் முதலில் வந்தது. "விடுடீ, ஹோ கயா. நீ கைய ஆட்டாம பேசு, போதும்." கையை ஆட்டாமல் பேசினேன். தேர்வானேன். வேறு தேதி கேட்டு நீ எழுதிய கடிதத்துக்குச் சாதகமான பதில் வரவில்லை. நான் பரங்கிமலையில் பயிற்சி முடித்துத் தோளில் நட்சத்திரம் குத்திக்கொண்டபோது நீ பாராடாங் பள்ளியில் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தாய்.

ஒரே ஒரு முறை கேட்டாய். "அன்னிக்கு பஸ்காரர்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?" நான் தலையைக் குனிந்தேன். நீ சோறு போட எழுந்துவிட்டாய். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை.

இன்று உன் அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தார். பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "நீ பஸ்ஸுல சொல்லிவிட்டும் இவ அசந்து தூங்கிட்டாளே, புள்ள. அவளே சொன்னா. நான் அவள எம்புட்டுத் திட்டியிருப்பேன்!"

கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தேன். "இல்லம்மா. நான் சொல்லியே விடல" என்றேன். அம்மா குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தார். "அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

அம்மா எழுந்து உள்ளே போனார். நான் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

என் படைப்பிரிவில் புறப்படும் நேரம் மாறினால் போனோடு விடமாட்டேன். ஆளை அனுப்பி, அவன் திரும்பி வந்து சொல்லிவிட்டேன் என்னும்வரை உட்கார மாட்டேன். மிகவும் பொறுப்பானவள் என்று மேலதிகாரி குறிப்பு எழுதியிருக்கிறார். அந்தப் பெயரை நான் வாங்கியது உன் இடத்தில் நின்றுகொண்டு.