முதுகைத் திருப்பிக் கேட்டது

3, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். சானமாவு பக்கம் ரோட்டில் யானை, கம்பெனி பஸ் லேட். சூப்பர்வைசர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். யானையிடம் கையெழுத்தா வாங்கி வர முடியும்?

சாயங்காலம் மாதண்ணன் வீட்டு மாடி. எங்கள் கச்சேரிக் குழுவை நடத்துகிறவர். புது கீபோர்டு இறக்கியிருக்கிறார், தாளமெல்லாம் அதற்குள்ளேயே.

"டோலக்கு இதுலயே வந்துருது. அப்பறம் முனிராஜ் எதுக்கு? நீதான வாசிக்கப் போற, கம்பெனியிலயும் குவாலிட்டி பாக்கற. கேட்டுட்டு ஓகேவா ரிஜெக்டான்னு சொல்லு."

டோலக் வாசிக்கும் முனிராஜும் நானும் குழு ஆரம்பித்த நாளிலிருந்து ஒன்றாக வாசிக்கிறோம். அவனுடைய காண்ட்ராக்ட் வேலையும் போன மாதம் போய்விட்டது. இப்போது கச்சேரிதான் சோறு.

4, புதன்

ஷிப்ட் முடிந்து கீபோர்டோடு உட்கார்ந்தேன். அதிலிருக்கும் தாளச் சத்தங்களை ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

கிக் – ஹெட்போனில் இடி. ஸ்பீக்கரில் தலையணையை அடித்த மாதிரி.
ஸ்நேர் – பிளாஸ்டிக் வாளி.
சிம்பல் – பாதியிலேயே அறுந்து போகிறது.
டோலக் – வலப்பக்கம் சரி. இடப்பக்கம், தோலை அழுத்தி இழுக்கும் அந்தக் கும்கிச் சத்தம், எப்போது வந்தாலும் அச்சடித்த மாதிரி ஒன்றே.

ரிஜெக்ட். போனில் சொன்னேன். அண்ணனுக்குக் கோபம்.

"மண்டபத்துல எவன்டா இதெல்லாம் கேக்கறான்? அவனவன் பந்திக்கு ஓடிக்கினு இருப்பான். சரி, ஞாயித்துக்கெழம வா. முதுகத் திருப்பிக்கினு நில்லு. முனிராஜ் ஒருவாட்டி, கீபோர்டு ஒருவாட்டி. எது அவன் அடின்னு கரெக்டா சொல்லிட்டன்னா அவனே இருக்கட்டும்."

சொல்லாமலா? அவன் அடியைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

டார்ச்சுக்கு செல். அரை லிட்டர் பால். வாங்க மறந்தே போச்சு.

6, வெள்ளி

குளிர். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் முனிராஜைப் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். டீயை வைத்துவிட்டான்.

அவனிடம் ஒரு பழக்கம். உற்சாகம் வந்தால் தாளத்தை முந்தி ஓடுவான். பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடத்தில் கேட்காமலே ரெண்டு அடி செருகுவான். மா. அண்ணன் எப்போதும் அதைத்தான் குத்திக்காட்டுவார்.

"ஞாயித்துக்கெழம ஓடாத. சேட்டை எதுவும் வேணாம். கோடு போட்ட மாதிரி அடி. அண்ணன் கொற சொல்ல எடமே இருக்கக் கூடாது" என்றேன்.

"நீ சொன்னா சரி மச்சா. கண்ணு மூடிக்கினு அடிக்கறேன்."

பின்னாலிருந்த கன்னடக்காரர் ஓசூர் மழையைத் திட்டிக்கொண்டே இருந்தார். டீ காசை மு.தான் கொடுத்தான், விடவில்லை.

8, ஞாயிறு

வெயில். எழுதவே பிடிக்கவில்லை.

சுவரைப் பார்த்து நின்றேன். முதலாவது: சுத்தம், நேர், ஒரு அடிகூட விலகவில்லை. மிஷின் என்று நினைத்தேன். ரெண்டாவது: லேசாக முந்தி ஓடியது, நடுவில் ஒரு சேட்டை, அப்புறம் கும்கி. எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

"ரெண்டாவதுதான் முனிராஜ்" என்றேன். சத்தமாக. பெருமையாக வேறு.

திரும்பினேன். மா. அண்ணன் விரல் கீ.போ. மேல். இருப்பதிலேயே சேட்டை நிறைந்த தாளமாகத் தேடி எடுத்திருக்கிறார்.

"நம்ம குவாலிட்டியே ஓகே பண்ணிட்டான்யா!"

அச்சடித்த கும்கி என்று இதே நோட்டில் எழுதியவன் நான். ஒரே தடவை கேட்டதில் அச்சு தெரியவில்லை. இன்னொரு வாட்டி வைக்கச் சொல்லிக் கத்தினேன், கெஞ்சினேன். பேச்சு பேச்சுதான் என்றுவிட்டார். புதன்கிழமை குந்தாரப்பள்ளிக் கல்யாணத்துக்கு நான் மட்டும் போதுமாம்.

மு. டோலக்குக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தான். ஜிப் சிக்கிக்கொண்டது. குனிந்து பிடித்துக் கொடுத்தேன்.

"நீ சொன்ன மாதிரியேதான மச்சா அடிச்சேன்?"