எடை போடாத வேலை

இன்று காலை விடுதி அறை ஒன்றில் யாரோ படுக்கை விரிப்பில் தேநீரைக் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். விரிப்பை உருவியதும் வந்த வாசனையில் உன் நினைவுதான் வந்தது. நீ போய் ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது.

கீழ் கோத்தகிரித் தேயிலைத் தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் நின்று கொழுந்து பறித்தவர்கள் நாம். சாயங்காலம் மூட்டையை எடை போட்டால்தான் அங்கே அன்றைய கூலி. அங்கே வேலை குறைந்ததும் குன்னூருக்கு வந்து இந்த விடுதியில் அறை துடைக்கவும் விரிப்பு மாற்றவும் சேர்ந்தோம். முதல் நாள் சாயங்காலம் அழுக்குத் துணியை மூட்டை கட்டித் தலையில் வைத்துக்கொண்டு நீ பின்வாசலில் போய் நின்றாய். உன் பின்னால் நானும்தான்.

“ஏனுங்கக்கா, எதுக்கு நிக்கறீங்க?” என்று கேட்டார் காவலாளி.

“எடை போடத்தான்,” என்றாய்.

அவர் சிரித்து ஓய வெகுநேரமானது. அதற்குப் பிறகு பஸ்ஸுக்கு நடக்கும்போதெல்லாம், “இன்னைக்கு எத்தனை கிலோ புள்ள?” என்று கேட்பாய். நானும் வாய்க்கு வந்ததைச் சொல்வேன்.

ஆனால் உனக்கு அது வெறும் வேடிக்கை இல்லை. “கொழுந்து லாரி ஏறிப் போறதக் கண்ணால பாத்தோம். இங்க விரிச்சத மறுநாளே கசக்கிப் போட்டுடறாங்க. நாம செஞ்சது எங்க புள்ள?” என்பாய். இந்த மலையில் இப்போது எத்தனையோ பேர் பிழைப்பு இப்படித்தான், விடுதியும் டாக்ஸியும் சமையலுமாக. இருந்தும் அந்தக் கேள்வி உன்னை அரித்துக்கொண்டே இருந்தது.

கடைசியாக அரசு ஆஸ்பத்திரியில் நீ காய்ச்சலில் கிடந்த அந்த மதியம் மறக்கவில்லை. வார்டில் வேலை செய்யும் அம்மா ஒருவர் உன்னை ஒருக்களித்துப் பிடித்து, ஈர விரிப்பை உருவிவிட்டுப் புதியதை விரித்தார். ஒரு சுருக்கம் இல்லை. நீ கண்ணை மூடி முதுகை அதில் சாய்த்தாய். வலியில் இறுகிக் கிடந்த முகம் மெல்லத் தளர்ந்தது. அவர் கையைப் பிடித்து, “இன்னைக்கு எத்தனை கிலோம்மா?” என்றாய்.

“காய்ச்சல்ல என்னமோ பேசறாங்க,” என்றார் அவர், பாவம்.

நீ என் பக்கம் திரும்பினாய். “செஞ்சது இங்க இருக்கு புள்ள. முதுகுல.”

என்னால் அழுகையை அடக்க முடியவில்லை.

கறை பட்டதை ஊறப் போட்டுவிட்டு இன்று புது விரிப்பை இழுத்து விரித்தேன். ராத்திரி அதில் யாரோ முதுகு சாய்ப்பார்கள். என் பெயர்கூட அவர்களுக்குத் தெரியாது. வேலை முடிந்து பின்வாசலுக்கு வந்ததும் என் கால் தானாக நின்றது. தினமும் நிற்கிறது. வெறுங்கைதான் புள்ள. ஆனாலும் எடை போட்டுவிட்டுத்தான் போகிறேன்.