பழகிய கல்சட்டி

1946, மார்கழி, ஞாயிறு இரவு. அரியலூர்.

ஊரெல்லாம் அலுமினியப் பாத்திரத்துக்கு மாறிக்கொண்டிருக்க, எனக்கு மட்டும் பழைய சாமான் மேல்தான் ஆசை. கூடத்தில் ரசம் போன கண்ணாடியை மாட்டியதற்கே இவர் கேலி செய்தார். போன சந்தையில் ஒரு கல்சட்டி வாங்கினேன். புதுச் சட்டியென்றால் கஞ்சி ஊற்றிப் பழக்க வேண்டும், இல்லாவிட்டால் விரிசல் விடும். இது உள்ளெல்லாம் கறுத்து, எண்ணெய் ஏறி, நன்றாகப் பழகியிருந்தது. பழகிய சட்டியை யார் விற்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இன்று அதில் வத்தக்குழம்பு வைத்தேன். கொதி வந்த நேரம், சட்டியை விற்றவர் விசாரித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"அம்மா, அந்தச் சட்டிய திருப்பித் தருவீங்களா? எம் பொண்டாட்டி ஆக்கினது. அவ போய்ச் சேந்தப்பறம் கண்ணுல படவேண்டாம்னு வித்துட்டேன். புள்ள வேற சட்டியில ஆக்கினா திங்க மாட்டேங்குது."

"இருங்க, குழம்ப மாத்திட்டுக் கொண்டாரேன்" என்று உள்ளே ஓடினேன்.

"அடுப்புல ஏத்திட்டீங்களா? அப்ப வேண்டாம்மா. கொதிக்கிறத எறக்கச் சொல்றது நல்லால்லீங்க."

குழம்பை மாற்ற வேறு பாத்திரம் தேடி எடுப்பதற்குள் அவர் போய்விட்டார். தெருமுனை வரை ஓடிப் பார்த்தேன். எந்த ஊர் என்றுகூடக் கேட்டுவைக்கவில்லை.

வந்து சட்டியை இறக்கினேன். இறக்கிய பிறகும் வெகுநேரம் கொதித்துக்கொண்டே இருந்தது. குழம்பு பிரமாதம் என்று இவர் இன்னொரு முறை போட்டுக்கொண்டார்.

அந்தப் பிள்ளை ராத்திரிக்கு என்ன சாப்பிட்டதோ.