கொள்ளுப்பிட்டி வரைக்கும் ஒரு டிக்கட்

சுகந்தி,

பாண் மேசையில் இருக்கிறது. பருப்பைச் சூடாக்கிச் சாப்பிடும். காய்ச்சலோடு வேலைக்குப் போக வேண்டாம்.

கடையில் கீழ்வீட்டு ஸாலிஹைக் கண்டேன். "புயலுக்கு மரம் விழுந்து நேத்து பஸ் எல்லாம் கொள்ளுப்பிட்டியோட திரும்பின. வெள்ளவத்தைக்கு நாங்களும் நடந்துதான் வந்த" என்றார்.

நீரும் அதைத்தான் சொன்னீர். நானோ டிக்கட்டில் இருந்த குறைந்த கட்டணத்தைக் காட்டி, கொள்ளுப்பிட்டியில் உம்முடைய அக்கா வீட்டில் இருந்து கதைத்துவிட்டுப் பிந்தி வந்ததாக ஏசினேன். மழையில் அவ்வளவு தூரம் நடந்த கால்களுக்குச் சுடுதண்ணீர்கூட வைத்துத் தரவில்லை. உம்மை எழுப்பி முகம் பார்க்க வெட்கமாக இருக்கிறது.

திறப்பு என்னிடம். மாலையில் கதவு திறக்க எழும்ப வேண்டாம்.

ரமணன்

பி.கு.: டிக்கட் கீழே கிடந்தது என்றது பொய். உம்முடைய பையைத் திறந்துதான் எடுத்தேன்.