தறிக்கூடத்து உரிமையாளர் கன்னியம்மாளுக்கு

அன்புள்ள அண்ணி,

திங்கட்கிழமை காலை நகரி மின்சார அலுவலகத்தில் உத்தரவு கைக்கு வந்தது. நம் தறிக்கூடத்தின் கரண்ட் கனெக்‌ஷன், அண்ணன் ஏகாம்பரத்தின் பெயரிலிருந்து உங்கள் மகள் செல்வியின் பெயருக்கு மாறிவிட்டது. முத்திரை வைத்த நகலை நானே படித்துப் பார்த்தேன். நீங்கள் காலமாகி ஒன்றரை வருஷம் ஆகிறது. இருந்தாலும் முதலில் உங்களுக்குத்தானே சொல்ல வேண்டும்?

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒரு பெயர் மாற்றம் பெரிய செய்தியாகத் தெரியாது. அவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

தொண்ணூறுகளில் உங்கள் தாய்வீட்டு நகையை விற்று, ஆந்திர எல்லையில் இருக்கிற நம் நகரியில் நாலு விசைத்தறி போட்டீர்கள். ஆம்பளை பேரில் எழுதினால் கனெக்‌ஷன் சீக்கிரம் கிடைக்கும் என்றார்கள்; அப்படியே எழுதினோம். சில மாதத்தில் அண்ணன் டிரைவர் வேலைக்குக் குவைத் போனார். தறியை ஓட்டியது, ஆள் வைத்தது, திருப்பதிக்கு பஸ்ஸில் உள்பாவாடைத் துணி கொண்டுபோய்ப் போட்டது எல்லாம் நீங்கள்.

சந்தை திறந்து, துணிக்குக் கிராக்கி ஏறிய காலம் அது. எட்டுத் தறி ஓடினால் வருஷம் முழுக்கச் சரக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று திருப்பதி மொத்த வியாபாரி ஒருவர் சொன்னார். எட்டுத் தறிக்குக் கூடுதல் மின்சாரம் வேண்டும். கேட்கப் போனால், கனெக்‌ஷன் யார் பேரில் இருக்கிறதோ அவர் நேரில் வரட்டும் என்றது அலுவலகம். அவர் குவைத்தில் இருக்கிறார் என்றீர்கள். அப்படியானால் நடத்துவது நீங்கள்தான் என்பதற்கு ஆதாரம் கொண்டு வாருங்கள் என்றார்கள்.

உங்களிடம் இருந்த ஒரே ஆதாரம் நான் எழுதிய செய்தி. நகரித் தறிகளைப் பற்றி நான் வேலை பார்த்த தெலுங்கு நாளிதழில் வந்தது. தறி முன்னால் நீங்கள் நிற்கிற போட்டோ அதில் பெரிதாக இருந்தது. உங்களுக்குத் தமிழ்தான் படிக்க வரும். போட்டோவைப் பார்த்து, அதை பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தீர்கள். கீழே என்ன எழுதியிருக்கிறது என்று நான் படித்துக் காட்டவே இல்லை.

குமாஸ்தா படித்தார். பேட்டியில் பேசியதெல்லாம் நீங்கள்; ஆனால் நான் எழுதியிருந்தது, "உரிமையாளர் ஏகாம்பரம் கூறினார்." புருஷன் இருக்கும்போது பெண்டாட்டி பேரைப் போட்டால் அண்ணனுக்கு மரியாதைக் குறைவு என்று நினைத்தேன். நகரியில் அப்போது யாராக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். பேப்பரிலேயே உன் வீட்டுக்காரர்தான் ஓனர் என்று இருக்கிறதேம்மா என்று அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அன்றைக்கே திருப்பதிக்கு வந்து என் அறை வாசலில் நின்றீர்கள்.

"இன்னா தம்பி, உங்கண்ணன் குவைத்துல காரு ஓட்டிக்கினு கீறாரு. நீ அவர இங்க தறியும் ஓட்ட வுட்டுக்கீற. ஒரே ஆளு ரெண்டு ஊர்ல எப்டிப்பா வேலை செய்வாரு?"

திருத்தம் போடச் சொன்னீர்கள். ஆசிரியர் குழுவில் கேட்டேன். இதற்கெல்லாமா என்றார்கள். இரண்டாவது முறை நான் கேட்கவில்லை. வியாபாரி பொங்கல் வரை பார்த்துவிட்டு வேறு ஊரில் சரக்கு எடுத்தார். உங்கள் நாலு தறி கடைசிவரை நாலு தறிதான்.

அதற்குப் பிறகு, பெண்கள் நடத்தும் தொழில்கள் ஏன் வளர்வதில்லை என்று சித்தூரிலும் திருப்பதியிலும் எத்தனையோ கூட்டங்களுக்குப் போய்ச் செய்தி எழுதினேன். பயிற்சி போதாது, துணிச்சல் போதாது என்று அதிகாரிகள் சொல்வார்கள். நானும் குறித்துக்கொள்வேன். உழைப்பு ஒருவருடையது, காகிதம் இன்னொருவருடையது என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதினால் என் செய்தியையும் சேர்த்துத்தானே எழுத வேண்டும்?

பெயரை மாற்றித் தரச்சொல்லி செல்வி கேட்டபோது, குவைத்திலிருந்து திரும்பியிருந்த அண்ணன் முதலில் தயங்கினார். கட்டிக்கொடுத்தால் வேறு வீட்டுக்குப் போகிற பெண் என்றார். "தறிய தூக்கிக்கினா போவப் போறேன் நைனா? பஸ்ஸு இல்லியா, வந்து ஓட்டுவேன்" என்றாள். உங்கள் குரல் மாதிரியே இருந்தது.

போன மாதம் அலுவலகத்தில், எத்தனை வருஷமாகத் தறி நடத்துகிறீர்கள் என்று அண்ணனைக் கேட்டார்கள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"நானு ஒரு நாளும் நடத்தல சார். நூலு அறுந்தா முடி போடக்கூடத் தெரியாது எனக்கு. எல்லாம் எம் பொஞ்சாதிதான். பேரு கன்னியம்மா, எழுதிக்கோங்க."

அவர் அதைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

கூடுதல் மின்சாரத்துக்கான விண்ணப்பம் இன்னும் நிலுவையில் இருக்கிறது. உதவிப் பொறியாளர் வரும் மாதம் முதல் புதன்கிழமை கூடத்தைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறார். டிரான்ஸ்ஃபார்மர் தாங்குமா என்ற அறிக்கை அதன் பிறகு. ஆவணி முடிவதற்குள் பதில் தெரியும் என்கிறார்கள். எழுத்தில் எதுவும் தரவில்லை. திருப்பதியில் ஒரு கடை ஐப்பசி வரை காத்திருக்கச் சம்மதித்திருக்கிறது. அதுவும் வாய்ச்சொல்தான்.

புதன்கிழமை நானும் கூடத்தில் இருப்பேன். ஓனர் யார் என்று பொறியாளர் கேட்டால் நானோ அண்ணனோ வாய் திறக்க மாட்டோம். செல்வி சொல்லிக்கொள்வாள். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

என்றும் உங்கள் கொழுந்தன்,
முருகேசன்