மூன்றாவது கட்டம்

மார்ச் 4, திங்கள்
ஜெராக்ஸ் மெஷினில் இன்றைக்கு மூன்று முறை தாள் சிக்கியது. கடை வாசலில் வரிசை. பிரதி எடுப்பதோடு, எழுதத் தயங்குகிறவர்களுக்குப் படிவமும் நிரப்பிக் கொடுக்கிறேனே, அதற்குத்தான் கூட்டம். வீட்டுக்காரருக்கு மறுபடி வயிற்று வலி. "வாயுதான்" என்கிறார். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற மனுஷனுக்கு வைத்தியமும் தெரிகிறது!

மார்ச் 6, புதன்
வாயு இல்லை. பித்தப்பையில் கல். ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. வெள்ளிக்கிழமை ஆபரேஷன்.

காப்பீட்டுக் கவுண்டரில் இருந்த பெண் அட்டையைப் பார்த்துவிட்டு, "கவலைப்படாதீங்க, பாலிசி இருக்கு. பழைய வியாதி எதையும் மறைக்கலைன்னா பாஸாயிடும்" என்றாள்.

மறைக்கலைன்னா.

நான்கு வருடத்துக்கு முன் அந்தப் படிவத்தை நிரப்பியது நான்தான். பன்னிரண்டு கட்டம். மூன்றாவதில், ரத்தக்குழாய் நோய் உண்டா, அதற்கு மருந்து சாப்பிடுகிறாரா என்று கேட்டிருந்தது. "எல்லாத்துக்கும் இல்லைன்னு போடுங்கக்கா, சீக்கிரம் முடியும்" என்றார் ஏஜென்ட். இவரும் தலையாட்டினார். அதற்கும் இரண்டு வருடம் முன்பே இவர் காலில் ரத்தம் கட்டி, அன்றிலிருந்து ரத்தம் உறையாமலிருக்க தினம் ஒரு மாத்திரை. தெரிந்தேதான் 'இல்லை' என்று எழுதினேன். முத்து முத்தான கையெழுத்தில்.

மார்ச் 7, வியாழன்
"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறாரா?" என்று நர்ஸ் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல சிஸ்டர்" என்றார் இவர்.

என் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் ஆறு மாத்திரை இருக்கிறது. நேற்று சாயங்காலம் நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் ஒன்றை இவர் கையில் வைத்தேன். "நிறுத்தினா கால் வீங்கும். சொன்னா காப்பீடு போச்சு. நீ வாயைத் திறக்காத" என்றார். திறக்கவில்லை.

அன்றே, மதியம்
ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சு நனைந்துகொண்டே இருக்கிறது. நர்ஸ் இரண்டாவது பஞ்சு வைத்து அழுத்திப் பிடித்திருந்தாள். ஊசி போன ஓட்டைக்கே இப்படின்னா, நாளைக்கு வயித்துல கத்தி வைக்கும்போது? பயமா இருக்கு. எழுத்து கோணலா வருது. சொன்னா ஆஸ்பத்திரி பில்லுக்கு மெஷினை விக்கணும். சொல்லலைன்னா - அதை எழுதக்கூட கை வரல.

அன்றே, 4 மணி
மயக்க மருந்து டாக்டர் வந்தார். இவர் வாயைத் திறப்பதற்குள் கண்ணாடிக் கூட்டைத் திறந்து டாக்டர் கையில் கவிழ்த்தேன்.

"கடைசியா எப்போ குடுத்தீங்க?"

"நேத்து சாயங்காலம்."

டாக்டர் மாத்திரை ஒன்றைத் திருப்பிப் பெயரைப் படித்தார். நாலு திட்டு திட்டியிருந்தால்கூட தேவலை. "நாளைக்கு வேண்டாம். திங்கக்கிழமை பண்ணலாம். இதை கேஸ் ஷீட்ல எழுதித்தான் ஆகணும்மா" என்றார். எழுதினார்.

இவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மார்ச் 9, சனி
தண்ணீர் வேண்டுமென்றால் நர்ஸிடம் கேட்கிறார். கூஜா என் மடியில் இருக்கிறது.

மார்ச் 11, திங்கள்
உள்ளே கொண்டுபோய் இரண்டு மணி நேரமாயிற்று. நான் செய்தது சரியா? கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நிற்கிறேன். தாமதமாகச் சொல்லிவிட்டேனோ?

பிழைத்துவிட்டார். இதற்கு மேல் இன்றைக்கு எழுத முடியாது.

மார்ச் 14, வியாழன்
காப்பீடு கிடையாதாம். கடிதத்தோடு என் படிவத்தின் நகலையும் வைத்திருக்கிறார்கள். மூன்றாவது கட்டத்தைச் சுற்றி ஒரு வட்டம். நகல் எடுப்பவளுக்கே நகல்! "பொய் எழுதினா பின்னாடி மாட்டுவீங்க" என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். ஊருக்குத்தான் உபதேசம்.

ஏப்ரல் 22, திங்கள்
மெஷின் இருந்த இடத்தில் தரை மட்டும் வேறு நிறமாகத் தெரிகிறது. பாரம் தூக்கக் கூடாது என்பதால் இவர் இன்னும் வேலைக்குப் போகவில்லை. அந்த இடத்தில்தான் நாற்காலி போட்டு, ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்.

ஒரு அம்மா காப்பீட்டுப் படிவம் கொண்டுவந்தார். "எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டுரும்மா, அவசரம்."

பேனாவை மூடினேன். "ஒவ்வொண்ணா வாசிக்கிறேன். யோசிச்சுச் சொல்லுங்க."

முதலாவது. இரண்டாவது. மூன்றாவதுக்கு அந்த அம்மா சட்டென்று "இல்லை" என்றார்.

"அதை இன்னொரு தடவை கேளு" என்றார் இவர். ஆஸ்பத்திரிக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்து இவர் பேசியது இதுதான் முதல்.

கேட்டேன்.